அஞ்சு சீஸுக்கு அஞ்சு கத்தி

அக்கா: கோடு போட்டியா இல்லையாடா?

தம்பி: போட்டேன்க்கா, நீலப் பேனாவால. பாரு… கடைக்காரர் குடுத்த நீலப் பூசணம் பூத்த சீஸ் மாதிரியே இல்ல?

அக்கா: குழந்தை கிறுக்கின குளியல் சோப்பு மாதிரி இருக்கு.

தம்பி: சோப்புன்னு சத்தமாச் சொல்லாத! அவரு வர்ற நேரம்.

அக்கா: எல்லாம் உன்னாலதான். "அஞ்சு துண்டு தர்றேன். நீங்க செய்யற அஞ்சு கத்தியையும் இதுல வெட்டிப் பாருங்க. ஆனா பத்திரமா திருப்பிக் குடுக்கணும்"னு சீஸ் கடைக்காரர் படிச்சுப் படிச்சுச் சொன்னாரு.

தம்பி: நான் தின்னது மூணுதான்.

அக்கா: மீதி ரெண்டு…

தம்பி: சொல்லு, சொல்லு. கால் முளைச்சு நடந்து போச்சா?

அக்கா: சும்மா ஒரு வாய் பாக்கலாம்னுதான்… பொறந்ததுலேருந்து ஒரு தடவகூட சீஸ் தின்னதில்ல. கத்தி மட்டும் செஞ்சு தரணுமாக்கும்?

தம்பி: சரி, எப்படி இருந்துச்சு?

அக்கா: பல்லெல்லாம் அப்பிக்கிச்சு. ருசியே இல்ல. பெரிய இடத்துச் சாப்பாடு இப்படித்தான் இருக்கும்போலன்னு முழுங்கிட்டேன்.

தம்பி: நானும்! மூணு நாளா வயிறு கல்லு மாதிரி கிடக்கு.

அக்கா: விஷயம் தெரிஞ்சுதுன்னா, அவரு நமக்குத் தர்றதாச் சொன்ன நாப்பது செட்டு கத்தி ஆர்டரும் வேற பட்டறைக்குப் போயிடும். வாயத் தொறக்காத… வாங்கண்ணே, வாங்க!

கடைக்காரர்: என்னம்மா, கத்தியெல்லாம் தயாரா?

தம்பி: இதோ. ஓட்டை போட்ட கத்தி மெத்துன்னு இருக்கற சீஸுக்கு, ஒட்டாம வரும். குட்டையா இருக்கே, அது கெட்டி சீஸுக்கு. குத்தி உடைக்கணும். நுனி பிளந்தது, வெட்டின துண்டைக் குத்தி எடுத்து வைக்க…

கடைக்காரர்: பேசாம வெட்டு. அட… என்னமா இறங்குது! பிடி யாரு செஞ்சது?

அக்கா: நாந்தாண்ணே. அலகு அவன்.

கடைக்காரர்: கையில அப்படியே உக்காருதும்மா. ஆமா, என்ன இது, விரல்ல நீலம் ஒட்டுது?

தம்பி: பூசணம் இன்னும் காயலண்ணே.

கடைக்காரர்: காயலையா! அந்த ஈரத்துணிய எடு, கத்தியத் துடைச்சுப் பாக்கறேன்.

தம்பி: வேணாம்!

அக்கா: ஈரம் ஆகாதுண்ணே!

கடைக்காரர்: துருப்பிடிக்காத கத்தின்னுதானே சொன்னீங்க? விடு… என்னம்மா, நுரைக்குது?

தம்பி: பால்ல செஞ்சதுதானே… பால் நுரைக்கும்ல?

கடைக்காரர்: எலுமிச்சை வாசனை வேற வருது.

தம்பி: வயசாயிட்டா சீஸ் மணக்கும்னு நீங்கதானே ஒரு நாள்…

கடைக்காரர்: நான் குடுத்தது ஏழு ஜென்மம் ஆனாலும் மணக்காது. உண்மையச் சொல்லுங்க. அந்த அஞ்சு துண்டும் எங்க?

அக்கா: அண்ணே… கோவிச்சுக்காதீங்க. இது சோப்பு. அதை… தின்னுட்டோம்.

கடைக்காரர்: தின்னுட்டீங்களா! அஞ்சையுமா?

தம்பி: சுத்தியிருந்த காகிதம் மட்டும் மிச்சம் இருக்கு. தரட்டுமா?

கடைக்காரர்: அய்யய்யோ! ரெண்டு பேரும் முதல்ல டாக்டர்கிட்ட கிளம்புங்க!

அக்கா: டாக்டர் எதுக்குண்ணே? அப்ப நாப்பது செட்டு…?

கடைக்காரர்: அது உங்களுக்குத்தான், நீ செருப்பை மாட்டு! நிஜ சீஸைக் குடுத்தா தின்னுடுவீங்கன்னு பயந்துதானே, அலமாரியில அழகுக்கு வச்சிருந்த மெழுகுத் துண்டுங்களைக் குடுத்துட்டுப் போனேன்!