இடது கண்

சாரல் காலத்தில் பெரிய பேனர் கட்டாதே என்பார்கள் என் தொழில்காரர்கள். அது சோம்பேறிப் பேச்சு. குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்தால்தான் தென்காசியில் நாலு வெளியூர்க்காரர்கள் நின்று நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்போது கட்டாமல் எப்போது கட்டுவது?

பேனரில் அங்கங்கே பிறை வடிவில் கீறிவிட வேண்டும் சார். காற்று அதில் புகுந்து போய்விடும். கீறாவிட்டால் கயிற்றோடு பிய்த்துக்கொண்டு போகும். ஆனால் முகத்தில் மட்டும் கீற மாட்டேன். மாப்பிள்ளை முகமோ செத்தவர் முகமோ, இருபது வருடத்தில் ஒரு முகத்திலும் என் கத்தி பட்டதில்லை. வல்லிநாயகம் கட்டினால் முகம் முழுசாக இருக்கும், ஊரில் கேட்டுப் பாருங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். சித்திரத்துக்காகத்தான் சுவர் என்பது என் கட்சி.

இந்த வருடம் ஒரு நீட் பயிற்சி மையத்துக்காரர்கள் குற்றாலம் சாலையில் மூன்று மாடிக் கட்டடத்தின் முன்பக்கம் முழுவதையும் பிடித்தார்கள். அவர்களிடம் படித்து முதலாவதாகத் தேறிய பெண்ணின் முகத்தைப் போட வேண்டும். என் மகள் சங்கரகோமதி. தாயில்லாப் பிள்ளை, டாக்டருக்குப் படிக்கிறாள். அந்த முகத்தை வேறு எவன் கையிலாவது விடுவேனா? நானே ஏறிக் கட்டினேன். எதிர்ச்சாரியில் நின்று பார்த்து அழுதுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

மூன்றாம் மாடியில் அனுசியா என்ற தையல்காரி தனியாகக் குடியிருந்தாள். அவள் வீட்டுக்கு ஒரே சன்னல். அது கோமதியின் இடது கண்ணுக்குப் பின்னால் வந்துவிட்டது. என் கடைக்கு வந்து பதவிசாகத்தான் சொன்னாள்.

"அண்ணாச்சி, காத்தும் வரமாட்டுக்கு, வெளிச்சமும் வரமாட்டுக்கு. பகல்லயே லைட்டப் போட்டுத்தான் தைக்கேன். சன்னலுக்கு நேரா மட்டும் கொஞ்சம் வெட்டி விடுங்க."

ஆடி கழியட்டும் என்றேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தால் கண் இருந்த இடத்தில் ஓட்டை. துணி வெட்டுகிற கத்தரியால் வெட்டி, அதில் தலையை நீட்டி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தாள். கீழே ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள்.

நான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து ஏறினேன். சன்னல் சட்டத்தில் வெளியிலிருந்து தகரம் வைத்து ஆணி அடித்தேன். அதன்மேல் புதுக் கண் அச்சடித்து ஒட்டினேன். ஒட்டுப் போட்டது தெரியவே தெரியாது.

மறுநாள் பகல் பதினொரு மணிக்கு அந்தக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி தீப்பிடித்தது. அன்று மதிய ரயிலில் கோமதி பேனரைப் பார்க்க வருகிறாள் என்பதால், கயிற்றைச் சரிபார்க்க ஏணியோடு நான் அங்கேதான் நின்றேன். படி முழுக்கப் புகை. அந்தச் சன்னலுக்குக் கம்பி கிடையாது. அது வழியாக வெளியே வந்தால் பக்கத்துக் கட்டடத்து மொட்டை மாடியில் கால் வைத்துவிடலாம்.

தீயணைப்பு வண்டி வந்தது. மேலே ஆள் உண்டா என்று கேட்டார்கள். அண்ணாந்து பார்த்தேன். கோமதியின் இடது கண் துடித்தது. சுற்றி நின்றவர்கள் காற்று என்று நினைத்தார்கள். அனுசியா உள்ளிருந்து தகரத்தை அடிக்கிறாள் என்று எனக்குத் தெரியும். பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது என்பார்கள்.

"யாரும் இல்ல சார். அந்தப் பொம்பள செங்கோட்டைக்குப் போயிருக்கு."

உண்டு என்று சொல்லியிருந்தால் முகத்தைக் கிழித்திருப்பார்கள். கண் இன்னும் கொஞ்ச நேரம் துடித்தது, பிறகு நின்றுவிட்டது.

மதியம் கோமதி வந்தாள். முகம் முழுசாக இருந்தது. அனுசியாவின் உடலை ஆம்புலன்ஸில் ஏற்றுவதைப் பார்த்தபடி நின்றாளே தவிர, அவள் நிமிரவே இல்லை.

ஏணி இருந்தது, இடுப்பில் கத்தி இருந்தது, ஏன் ஏறவில்லை என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். உங்களுக்கும் ஒரு பெண் இருப்பதாக ஸ்டேஷன் ரைட்டர் சொன்னார். நீங்களே சொல்லுங்கள் சார், பெற்ற பிள்ளையின் கண்ணில் எந்தத் தகப்பன் கத்தியை வைப்பான்?