பீரோ சாவி என் கழுத்தில் இருந்தது

பதினொன்று இருபது. தண்ணீர் வராந்தாவுக்குள் வருகிறது. முதலில் வந்தது சத்தம்தான். லாரியில் இருந்து ஜல்லி கொட்டுவது போல. அப்புறம் காவல்காரர் ஆரோக்கியசாமியின் குரல்.

"ஏரி ஒடைஞ்சிடுச்சி. புள்ளைங்களா, ஜல்தியா மாடிக்கு ஏறுங்க. பையெல்லாம் வுட்டுட்டு ஏறுங்க."

மழைக்காக மூன்று நாளாக விடுமுறை. விடுதிப் பெண்கள் முப்பத்தொரு பேர் மட்டும் இருந்தார்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் சாலையை ஒட்டி, ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் பள்ளி. நான் அங்கே நர்ஸ். ஒன்பது வருடம்.

பெண்கள் ஓடுகிறார்கள். நான் நோயறைக்குள் ஓடுகிறேன். கணுக்காலளவு தண்ணீர். சுவரில் சிவப்பு முதலுதவிப் பெட்டி. கை தானாக அதை எடுத்தது. வருடத்துக்கு இரண்டு முறை ஒத்திகை. மணி அடித்தால் நர்ஸ் சிவப்புப் பெட்டியோடு ஓட வேண்டும். ஆய்வுக்கு வருகிறவர்களும் அந்தப் பெட்டியைத்தான் திறந்து பார்ப்பார்கள். பக்கத்திலேயே இரும்பு பீரோ. நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பள்ளி நர்ஸுக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறாள் என்று சிலருக்கு நினைப்பு. உயரம், எடை, கண் பார்வை, பேன். வியாழக்கிழமை இரும்புச்சத்து மாத்திரை, என் கண்ணெதிரே விழுங்க வேண்டும். கணக்குப் பரீட்சையன்று வரும் வயிற்றுவலி எது, நிஜமான வயிற்றுவலி எது என்று முகத்தைப் பார்த்தே சொல்ல வேண்டும். பிள்ளைகளின் மருந்தையெல்லாம் பெயர் எழுதி ஒட்டி, பீரோவில் பூட்டி வைக்க வேண்டும். இதில் நான் கறார்.

ஏழாம் வகுப்பு ஜெனிஃபருக்கு ஆஸ்துமா. இன்ஹேலரைத் தோழிகளுக்கு அடித்துக் காட்டி விளையாடினாள். போன வாரம்தான் அதைப் பிடுங்கினேன்.

"எங்கிட்டயே இருக்கட்டும் மிஸ்."

"வேணும்னா வந்து கேளு. நான் எங்க போவப்போறேன்" என்றேன். பூட்டினேன். சாவி எப்போதும் என் கழுத்தில்.

பதினொன்று நாற்பத்தைந்து. மாடியில் தலை எண்ணினோம். முப்பத்தொன்று. எல்லோரும் நனைந்திருந்தார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடம்.

பதினொன்று ஐம்பத்தைந்து. விசில் மாதிரி ஒரு சத்தம். ஜெனிஃபர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் கை கழுத்துக்குப் போனது.

கீழே இறங்கினேன். மார்பளவு தண்ணீர். பீரோ குப்புற விழுந்து கிடந்தது. காலால் தடவித்தான் தெரிந்தது. கதவு அடியில். ஆரோக்கியசாமியும் நானும் புரட்டிப் பார்த்தோம். மூன்று முறை. அசையவில்லை.

"செவுரு வுழுந்துடும். மேல வந்துடும்மா."

மீண்டும் மாடி. முன்னால் சாய்த்து உட்கார வைத்தேன். உடையைத் தளர்த்தினேன். மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு நாற்பது. நாற்பத்துநான்கு. போனில் சிக்னல் இல்லை. மற்ற பெண்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துச் சாலையைப் பார்த்துக் கத்துகிறார்கள்.

ஒன்று பத்து. விசில் நின்றது.

"சரியாயிடுச்சி மிஸ்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவளுக்குச் சந்தோஷம். சத்தம் நின்றால் உள்ளே காற்றே போகவில்லை என்று அர்த்தம். நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

ஒன்று இருபத்தைந்து. எண்ணுவதற்கு மூச்சு இல்லை. மார்பை அழுத்தினேன். வாயில் ஊதினேன். படகு வரும்வரை நிறுத்தவில்லை. படகு வந்தது இரண்டு நாற்பதுக்கு.

மூன்றாம் நாள் அவள் அம்மாவைப் பார்க்கப் போனேன். நிலக்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் கூலி வேலை அவருக்கு.

"எப்பவும் கையிலயே வச்சிக்கினு இருப்பாளே மிஸ்ஸு. அன்னிக்கு எங்க போச்சு அது?"

"பூட்டினது நான்தாம்மா" என்றேன். சாவியைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை.

இப்போது இன்ஹேலர்கள் பிள்ளைகளின் பையிலேயே இருக்கின்றன. விளையாடினால் விளையாடட்டும்.

போனவை. கட்டில் இரண்டு. எடை பார்க்கும் கருவி ஒன்று. ஒன்பது வருடப் பதிவேடுகள். பீரோவுக்குள் சேற்றில் ஊறிய இன்ஹேலர் ஐந்து. அதில் ஒன்றில் என் கையெழுத்தில், ஜெனிஃபர், ஏழாம் வகுப்பு. பிள்ளை ஒன்று.

சிவப்புப் பெட்டியில் பஞ்சு, பிளாஸ்திரி, கட்டுத்துணி பன்னிரண்டு. எதுவும் குறையவில்லை.