நாலு நாள் நிறுத்திப் பாரு

இலுப்பூர் வெயிலில் முகம் கறுப்பது யார் குற்றமும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. பெயர் செல்வராணி, பார்லர் வைத்திருக்கிறேன். திருச்சியில் மூன்று நாள் பயிற்சி. சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியதும் ஊர் ‘டாக்டரம்மா’ என்றது. எத்தனை பேரைத் திருத்துவது? அலுத்துப்போய் ஒரு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொண்டேன்.

சுடர்விழிக்கு இருபத்திரண்டு வயது. தையில் கல்யாணம், மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. வெளுக்க வேண்டும் என்று சித்திரையில் வந்தாள். நானே கலந்து டப்பாவில் அடைக்கும் க்ரீமைக் கொடுத்தேன். அதில் பாதி, மருந்துக்கடை ஸ்டீராய்டு களிம்பு. ஒரே மாதத்தில் வெளுத்தாள். மூன்றாம் மாதம் கன்னத்தைக் காட்டினாள்.

“என்னக்கா இது, செவப்பா நூலு நூலா ஓடுது?”

“ரத்தக்குழாய்டி. உள்ளூர்ல லேசரு வச்சிருக்கேன், எதுக்கு மொகத்தத் தூக்கி வச்சிருக்க?”

லேசர் என்பது நகப்பூச்சு காயவைக்கும் நீல விளக்கு. பத்து நிமிடம் காட்டிவிட்டு மேலே அதே க்ரீமைத் தடவுவேன். சிவப்பு அடங்கிவிடும்.

ஆவணியில் புதுக்கோட்டையில் ஒரு தோல் டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் எழுதிய சீட்டை என்னிடமே கொண்டுவந்து நீட்டினாள். க்ரீமை நிறுத்த வேண்டும், கண்ணில் அழுத்தம் கூடலாம், உடனே பரிசோதிக்க வேண்டும் என்றிருந்தது. கூடவே, ‘முறையான பயிற்சி இல்லாதவர்’ என்று என்னைப் பற்றி ஒரு வரி. முகம் பார்க்காத மனுஷியைப் பற்றி இப்படி எழுதலாமா?

“தாராளமா நிறுத்திக்க. நாலு நாள் நிறுத்திப் பாரு.”

சட்டென்று நிறுத்தினால் முகம் தீயாய் எரியும், முன்னைவிடச் சிவக்கும். எனக்குத் தெரியும். மூன்றாம் நாளே துப்பட்டாவால் மூடிக்கொண்டு வந்து நின்றாள்.

“ஒங்க க்ரீம்தான்க்கா கேக்குது. அந்தாளுக்கு ஒரு எழவும் தெரியல.”

எனக்கு அது போதுமாயிருந்தது. இமையிலும் தடவச் சொன்னேன்.

ஐப்பசியில், லைட்டைச் சுற்றி வளையம் தெரிகிறது, கண் டாக்டரைப் பார்க்கவா என்று கேட்டாள். கல்யாணம் முடியட்டும் என்றேன். சீட்டு என் மேஜையில்தான் இருந்தது.

வலது கண் போய்விட்டதாம். இடது கண்ணில் நிழல் மட்டும். மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிவிட்டார்கள். செய்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்தே செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் மகள் கலைமதிக்கும் அதே வயது. க்ரீம் கேட்டு அழுதாள். ஒரு பொட்டுக்கூடக் கொடுக்கவில்லை. டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினேன். அவளுக்குப் பிறவியிலேயே மெல்லிய தோல், ஐயா.