ஆபரேஷனுக்குக் கூட நிற்க ஓர் ஆள்

குழித்துறையிலிருந்து தக்கலை செல்லும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவர் திடீரென்று கேட்டார்:

“ஏட்டி, ஆஸ்பத்திரியில கூட நிக்கதுக்கு ஆளு வாடகைக்குக் கிடைக்குமா?”

“எதுக்கு மைனி?”

“வியாழக்கிழமை எனக்குக் கண்ணு ஆபரேஷன். கூட ஆளு இல்லாம செய்யமாட்டோம்னு சொல்லிட்டாவ.”

“பெங்களூருல உள்ள மவ வரமாட்டாளா?”

“அவ கண்டுபிடிச்ச மிஷினு முதல்முதலா ஜெர்மனிக்கு எக்ஸ்போர்ட் ஆவுதாம். அந்த வாரம் லீவு கெடையாதாம்.”

“அத இங்க இருந்து செய்யப்பிடாதா?”

“முடியாதாம். பெரிய ஊருலதான் படிச்சவங்க, கம்பெனி, ஏர்போர்ட்டு எல்லாம் ஒண்ணா இருக்கும், அங்க போனாதான் உலகத்தோட போட்டி போடலாம்னு காலேஜுல ஒரு சார் சொல்லிக்குடுத்தாராம்.”

“அப்ப அந்தச் சாரையே கூட நிக்கச் சொல்லுங்க மைனி!”

இருவரும் சிரித்தார்கள். மூத்தவர்தான் முதலில் நிறுத்தினார்.

இந்த மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டுகள் பொருளாதாரம் கற்பித்தவன் நான். இதே பாடத்தை எல்லா வகுப்பிலும் சொன்னேன். பாடம் தவறல்ல என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் மகனையும் அப்படிச் சொல்லித்தான் அனுப்பினேன்.

வியாழக்கிழமை எனக்கு ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் என் நிறுத்தத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன்.