யாருக்குப் பாதிப்பு?

டைலர் நல்ல மனிதர், சார். பொத்தான் அறுந்துவிட்டால் நின்ற நிலையிலேயே தைத்துக் கொடுத்துவிடுவார். என் மகளின் முதல் பள்ளிச் சீருடைகூட அவர் தைத்ததுதான்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தள அறையில் இருபது வருடமாக அவர் கடை. மகளுக்குப் பிரசவம் நெருங்கியது. அவளையும் மருமகனையும் என் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள அந்த அறை எனக்கு வேண்டியிருந்தது. குடியிருப்போர் சங்கத்துப் புகார்ப் படிவத்தில் 'யாருக்குப் பாதிப்பு?' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் உண்மையைத்தான் எழுதினேன்: என் குடும்பத்துக்கு.

செயலாளர் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். "அக்கா, இது உங்க வீட்டுப் பிரச்சினை. எல்லாருக்கும் பிரச்சினைன்னா கொண்டாங்க, கூட்டத்துல வச்சிடலாம்."

புதுப் படிவம் வாங்கினேன். அதே கட்டத்தில் 'நம் குழந்தைகளுக்கு' என்று எழுதினேன். கீழே, 'அளவெடுக்கும்போது அவர் நடந்துகொள்ளும் விதம் கவலை அளிக்கிறது.' அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

மீதியைக் கூட்டத்தில் மற்றவர்கள் சொன்னார்கள். "அதான் என் பொண்ணு அங்க போகவே மாட்டேங்குறா" என்றாள் இரண்டாம் மாடிக்காரி. "டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டு அவன் பார்க்குற பார்வையே சரியில்லை" என்றார் எதிர்வீட்டுக்காரர். "போன வாரம் வரைக்கும் அவர்கிட்டதானே பேன்ட்டைத் தளர்த்திக்கிட்டு வந்தீங்க?" என்று அவர் மனைவியே கேட்டாள். யாரும் சிரிக்கவில்லை. இருபத்தெட்டுக் கையெழுத்து விழுந்தது. ஒருவரும் பொய் சொல்லவில்லை, சார். எல்லாருக்கும் ஏதோ ஒன்று நிஜமாகவே ஞாபகம் வந்திருந்தது.

மறுநாள் காலை கையெழுத்துப் போட்டவர்கள் டைலரைக் கடையிலிருந்து இழுத்து வந்தார்கள். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன்.

"அக்கா, நீங்களாவது சொல்லுங்கக்கா" என்றார்.

நான் சொன்னேன்: "குழந்தைங்க பார்க்குது. உள்ள கூட்டிட்டுப் போங்க."

குழந்தைகளை வீடுகளுக்குள் கூட்டிப் போனார்கள். கதவுகள் சாத்தப்பட்ட பிறகுதான் கீழே நின்றவர்களுக்குத் தயக்கம் விட்டது. அவர் பிழைக்கவில்லை.

அந்தப் பொய்யை எழுதியது நான்தான், சார். வேறு யாருமில்லை.

அறை கிடைத்தது. பேத்தி இப்போது தவழ்கிறாள். ஆனால் அவளை அங்கே ஒரு நிமிடம்கூடத் தனியாக விட எனக்குப் பயம். அவர் டேப்பை மாட்டிவைக்கும் ஆணி இன்னும் சுவரில் இருக்கிறது. "செத்துப்போனவரை நினைச்சு என்னம்மா பயம்?" என்று மகள் திட்டுகிறாள்.

அவளுக்கென்ன தெரியும், சார்? அளவெடுக்கும்போது அவர் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்தவள் நான்.