சூடு தாங்குற கை

வேணாம்மா, கொழந்தைய நீயே வெச்சுக்க. சீச்சீ, ஈரம் பண்ணிடும்னுல்லாம் இல்ல. நானும் ஒண்ணு பெத்தவதான். சண்ட வந்து பெட்ரோலு கெடைக்காததுலேந்து இந்தக் கரி பஸ்ஸுதான, அது சூடேறி கெளம்பறதுக்குள்ள வெயிலு ஏறிடும். இப்டி கோட்டச் செவுத்து நெழலுக்கு வா.

நானா? திண்டிவனம் போயி ரயிலேறணும். தொண்டூர் பக்கம் எங்களுக்கு. எம்பொண்ணு லில்லி மூணாவது படிக்குது. அவளாலதான் இந்த அலைச்சலே. பள்ளிக்கூடத்துக்கு டாக்டரு வந்து எல்லாப் புள்ளைங்களுக்கும் பல்லு, கண்ணு, முதுவு பாத்தாரு. இவ முதுவுல வெளுப்பா ஒரு திட்டு. செஞ்சி ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு வா, இன்னும் சோதிக்கணும்னுட்டாரு. பெருவியாதியா, அதான் குஷ்டமா இருக்குமோன்னு எங்க ஊட்டுக்காரரு சோத்துல கையே வெக்கல. நான் எப்பவும் போல ஆக்குனேன், எறக்குனேன். கொதிக்கிற பானைய துணி புடிக்காமதான் எறக்குவேன். எங்க மாமியாருக்கு அதுல அவ்ளோ பெரும. வர்றவங்க கிட்டல்லாம் சொல்லுவாங்க. கோயில் திருநாளுக்கு சோத்து அண்டா எறக்க என்னியத்தான் கூப்டுவாங்க.

ஆங், லில்லியா? அவளுக்கு ஒண்ணுமில்லம்மா. கண்ண மூடச் சொல்லி, கோழியெறவால அங்கங்க தொட்டாரு. தொட்ட எடத்தெல்லாம் சரியா காட்டுனா. கூசுது கூசுதுன்னு ஒரே சிரிப்பு. வெறும் தேமலு, களிம்பு தடவுன்னாரு. மாதாவேன்னு எந்திரிச்சேன்.

நீயும் ஒக்காரும்மா, ஊட்ல இருக்கறவங்களயும் பாக்கணும்னாரு. கைய நீட்டிகினு கண்ண மூடுனேன். வெளிய மாட்டு வண்டி போவுது. லில்லி இன்னும் சிரிச்சிகினு இருக்கா. எப்பங்க தொடுவீங்கன்னு கேட்டேன்.

தொட்டாச்சேம்மான்னாரு.

அப்பறம் ஊசியால குத்துனாரு போல. கண்ண தொறந்து பாத்தா ரத்தம் நிக்குது. லில்லி சிரிப்ப நிறுத்திட்டா.

செங்கல்பட்டுலதான் வைத்தியமாம். அங்கயே தங்கணும், எண்ணெ ஊசி போடுவாங்களாம். எப்ப ஊட்டுக்கு அனுப்புவீங்கன்னு கேட்டா, சீட்ட எழுதி நீட்டுனாரு. அழுவக்கூட வரல போ. வர்ற மாசம் லில்லிக்கு புதுநன்ம, கோயில்ல மொத மொதலா நற்கருண வாங்கப் போறா. வெள்ள கவுனு தெச்சி மடிச்சி வெச்சிருக்கேன், யாரு போட்டு வுடுவாங்களோ. காலைல கெளம்பறப்ப காலக் கட்டிக்க ஓடியாந்தா. எட்ட நில்லுடின்னுட்டேன்.

அதாம்மா, ஒங்கொழந்தைய வாங்கல. கோச்சுக்காத. பஸ்ஸு கெளம்புது பாரு, நீ முன்னால போயி ஒக்காரு. நான் கடைசில ஏறிக்கறேன்.