கழுவாத தட்டோடு வந்த அக்கா

கூட்டத்திற்குத் தலைமை தாங்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, முழங்கால் வலியையும் பாராமல் முன்வரிசைக்கு முந்தி வந்த பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் அன்னையர்களே, கைதட்டக் காரணம் தேடிக் கடைசியில் நிற்கும் இளைஞர்களே, உங்கள் அனைவருக்கும் இந்தத் தையற்காரனின் தலைதாழ்ந்த வணக்கம்!

பேருந்து நிறுத்தத்து முனையிலே ஒரு தள்ளுவண்டி. ஒரே அடுப்பு. ஒரே அக்கா. ஆவியிலே அவிப்பார், எண்ணெயிலே பொரிப்பார், கல்லிலே சுடுவார், காரசாரமாய்ச் சூப்பும் காய்ச்சுவார். பல் உள்ளவருக்கு மொறுமொறுப்பாய், பல் போனவருக்கு மெத்தென்று! (யாரங்கே சிரிப்பது? தலைவர் அவர்களே, சத்தியமாக உங்களைச் சொல்லவில்லை.)

அந்த அக்கா ஏன் இன்று தலைகுனிந்து அமர்ந்திருக்கிறார்? எச்சில் தட்டைக் கழுவிக் கழுவிப் பரிமாறுவது சுகாதாரக் கேடு. இனி தூக்கியெறியும் காகிதத் தட்டு, இல்லையேல் முனையைக் காலி செய் என்று ஒரு தீர்மானம். இன்று நீங்கள் கை தூக்கினால் நாளை முதல் அது சட்டம். அதை எழுதிய கை எது? இதோ, இந்தக் கைதான்! மூன்று மாதத்திற்கு முன், அவருக்கும் கழுவுகிற வேலை குறையட்டும் என்று நல்ல மனதோடுதான் எழுதினேன்.

“காகிதத் தட்டுன்னா கடையை மூடிடறேன் தம்பி” என்றார் அக்கா. திமிர் என்றேன், அவர் காதுபடவே.

அடுத்த வாரம் என் கடைக்கு வந்தார். தைத்துக்கொண்டிருந்த துணியின் மேலேயே ஒரு கழுவாத தட்டை வைத்தார்.

“என்னக்கா இது? எச்சில் தட்டைக் கொண்டாந்து வைக்கிறீங்க!”

“கத்தாதே தம்பி, பாரு. இது உங்கப்பா நம்ம வண்டியில சாப்பிட்ட தட்டு. எப்பவும் தோசையில மொறுமொறுன்னு இருக்கிற ஓரத்தைத்தான் முதல்ல கடிப்பார். நாலு நாளா ஓரத்தைத் தொடலை. நேத்து சூப்புல ஊற வச்சுக் கொடுத்தேன், அதுவும் பாதி மிச்சம். அவருக்குத் தொண்டையில இறங்கலை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ.”

“எங்கிட்ட ஒண்ணுமே சொல்லலையே!”

“எங்கிட்டயும் சொல்லலை. தட்டைப் பார்த்தேன், தெரிஞ்சுது.”

பெரியோர்களே! ஊருக்கெல்லாம் அளவெடுப்பவன் நான். அப்பாவின் சட்டை தொளதொளத்தபோது என்ன செய்தேன் தெரியுமா? துணி நைந்து தளர்ந்துவிட்டது என்று இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன்! சட்டையைப் பார்த்தேன், உள்ளே இளைத்த உடம்பைப் பார்க்கவில்லை. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

“இப்பவாவது வந்தீங்களே” என்றார் மருத்துவர். தொண்டையிலே கட்டி. வெட்டி எடுத்தார்கள். அதோ, மூன்றாம் வரிசையில் அப்பா. (கைதட்டாதீர்கள், எழுந்து போய்விடுவார்.)

இப்போது புரிகிறதா, அக்கா ஏன் காகிதத் தட்டை மறுத்தார், ஏன் தட்டு கழுவ ஓர் ஆள்கூட வைக்கவில்லை என்று? யாருக்கு உப்பு ஒத்துக்கொள்ளவில்லை, யாருக்குப் பல்வலி, யார் மனக்கவலையில் பாதியில் எழுந்து போனார், அத்தனையும் கழுவும்போதுதான் அவருக்குத் தெரிகிறது. குப்பைத் தொட்டியில் விழும் தட்டை யார் பார்ப்பார்?

அப்படியானால் சுத்தம் வேண்டாமா? வேண்டும்! கட்டாயம் வேண்டும்! கொதிநீரில் அலசுகிறேன் என்று அக்காவும் ஒப்புக்கொண்டார். குடம் குடமாய்ச் சுமக்கும் அவருக்கு முனையிலே ஒரு குழாய் போட்டுக் கொடுங்கள் தலைவரே! என் தீர்மானத்தை நானே எதிர்க்கிறேன். திமிர் என்ற என் சொல்லுக்கு, அக்கா, இந்த ஊரறிய மன்னிப்புக் கேட்கிறேன்.

இன்று காலை அவர் மறுபடியும் என் கடைக்கு வந்தார். கையிலே அப்பாவின் கழுவாத தட்டு. “பாரு தம்பி” என்றார். நானே துணியை ஒதுக்கி இடம் கொடுத்தேன். அந்த மொறுமொறு ஓரத்தில் ஒரு துணுக்குகூட மிச்சமில்லை.

கேட்ட காதுகளுக்கு நன்றி. குழாய்க்காக உயரப்போகும் கைகளுக்கு இப்போதே என் வணக்கம்!